மீனுக்குச் சொன்ன ஸ்தோத்திரம்

அப்பாவின் வலது கை டம்ளரை நழுவவிடத் தொடங்கியதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. க்ரோத். என் தாய்மாமா அந்த வார்த்தையில்தான் போனார். மூளையில் க்ரோத் என்றார் டாக்டர். அதற்குப் பிறகு மாமா அதிக நாள் இருக்கவில்லை. அம்மாவுக்கு அதன் அர்த்தம் கட்டி, அவ்வளவுதான்.

நானோ பகலெல்லாம் அதே வார்த்தையோடு, வளர்ச்சி என்ற அர்த்தத்தில், குடித்தனம் நடத்துகிறவள். புனேயில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஸீப்ரா மீன் என்கிற வரிமீன்களின் மூளையைப் பார்ப்பது என் வேலை. வளர்ந்த மீனின் மூளையில் ஓரிடம் பழுதானால், உள்ளே தூங்கிக்கிடக்கும் ஸ்டெம் செல்கள் எழுந்து புதிய நரம்பு செல்களை உண்டாக்கிவிடும். அவற்றைத் தட்டி எழுப்புவது க்ரோத் ஃபேக்டர் என்ற புரதம்தான் என்பது எங்கள் யூகம். அந்தத் தட்டலை ஒரு மருந்தால் தடுத்துவிட்டு, செல்கள் எழுகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். எழுந்துவிட்டால் நாங்கள் நினைத்ததெல்லாம் தப்பு.

அன்று காலை அப்பாவுக்கு ஸ்கேன் எடுத்துவிட்டு கோர்படியில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பியிருந்தோம். ரிப்போர்ட் சாயங்காலம். அம்மா அடுப்படியில் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். என்னோடு வேலை பார்க்கும் கோயம்புத்தூர்ப் பெண் ஃபோன் செய்தாள்.

"அக்கா, மருந்து போட்ட மீன் ஒண்ணுலயும் க்ரோத்தே இல்லீங்க!"

ஹாலில் நின்றுகொண்டு கத்திவிட்டேன். "க்ரோத் இல்லையா? மூளைய முழுசாப் பாத்தியா? ஒரு எடத்துலகூட இல்லையா? அப்பாடா!"

ஃபோனில் பேசியவள் மராத்திக்காரியாக இருந்திருந்தால் இந்தியில் பேசியிருப்பேன், லேப் பேச்சு என்று அம்மா காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டாள். தமிழ் என்பதால் வந்த வினை. நான் ஃபோனை வைப்பதற்குள் அம்மா மாவுக்கையோடு படுக்கையறைக்கு ஓடிவிட்டாள்.

"ஏங்க, க்ரோத் இல்லையாம்! ஸ்தோத்திரம் ஆண்டவரே!"

அடுத்து பால்கனியில் நின்று பக்கத்து வீட்டுக்கு மராத்தியில் சொன்னாள். அதற்கடுத்து பாஸ்டரம்மாவுக்கு ஃபோன். அப்பா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து இடது கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கன்டோன்மென்ட் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த மனுஷர். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

பேசாமல் இருந்துவிடலாமா? சாயங்கால ரிப்போர்ட்டும் அதையே சொல்லிவிட்டால் பொய்யே நிஜமாகிவிடும். ரிப்போர்ட் அப்படிச் சொல்லாவிட்டால்? இன்னொரு முறை அவரை உட்காரவைத்து யார் சொல்வது? ஒரு வார்த்தை என்னைக் கேட்டுவிட்டு ஓடியிருக்கக் கூடாதா என்று அம்மாவின் மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அம்மா, அது அப்பாவுக்கு இல்ல. மீனுக்கு."

"எந்த மீனுக்கு?"

"என் லேப்ல உள்ள மீனுக்கு. அப்பா ரிப்போர்ட் இன்னும் வரல."

அம்மாவின் முகம் செத்துப்போனது. "அப்போ நான் மீனுக்கா ஸ்தோத்திரம் சொன்னேன்? பாஸ்டரம்மாட்ட இப்போ என்னத்தச் சொல்ல? ஒனக்கு வேற வார்த்தையே கெடைக்கலையாட்டி?"

வேறொரு நாளாக இருந்தால் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். மத்தியானம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. சாயங்காலம் வரை அம்மா ஜெபித்துக்கொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேன் படத்தை ஒரு நிமிடம் பார்த்தார். "க்ரோத் நஹீ ஹை" என்றார். இல்லையாம்.

அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். அதற்குப் பிறகு டாக்டர் சொன்ன எதுவும் அவள் காதில் ஏறவில்லை. அப்பா கேட்டார். நானும் கேட்டேன். சின்ன அடைப்பு ஒன்று, ரத்தம் போகாமல் ஓரிடம் செத்துவிட்டது. பயிற்சி செய்தால் மிச்சமுள்ள பகுதி கொஞ்சம் வேலை கற்றுக்கொள்ளும். செத்த செல் திரும்பி வராது.

க்ரோத் இல்லை. அம்மா அந்த வார்த்தைகளுக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அதே வார்த்தைகள் தாங்க முடியாமல் இருந்தன.

அம்மா ரிக்‌ஷா பிடிக்கப் போனாள். வாசலில் அப்பாவும் நானும் நின்றோம்.

"ஒன் மீனுக்கு இப்படி ஆனா என்ன செய்யும்?"

"புதுசா வளந்துரும்பா."

"எனக்கு?"

மழுப்பத்தான் நினைத்தேன். கணக்கு வாத்தியாரிடம் அது நடக்காது. "வளராதுப்பா."

அவர் தன் வலது கையைப் பார்த்தார். "தானா வளருததப் போயி மருந்து போட்டு ஏன்ட்டி நிறுத்துத?"

"எதால வளருதுன்னு தெரியணும்னா ஒரு தடவ நிறுத்தித்தாம்ப்பா பாக்கணும். தெரிஞ்சா, என்னைக்காவது மனுஷங்களுக்கும்..."

ரிக்‌ஷா வந்து நின்றது. அப்பா இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறினார்.

"அப்போ சீக்கிரம் பாருட்டி" என்றார்.