பதினைந்து என்றது பட்டியல்

காலை ஐந்து நாற்பதுக்குத் திண்டுக்கல் சந்திப்பில் இறங்கினேன். 2002 நவம்பர். மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்தது. மலைக்கோட்டையின் மேல்பாதி மேகத்துக்குள் இருந்தது.

சென்னையிலிருந்து நான் வந்த வேலை சின்னதுதான். மாவட்டத்துப் பள்ளிகளின் விவரங்களைத் திரட்டி, எங்கே ஆசிரியர் தேவை, எங்கே வகுப்பறை தேவை, எந்தப் பள்ளியை எதோடு இணைக்கலாம் என்று அதிகாரிகளுக்குச் சொல்லும் மென்பொருளை எழுதியவன் நான். இருபது பிள்ளைகளுக்குக் குறைவாக இருப்பதால் மூடி வேறொன்றோடு இணைக்க வேண்டிய பள்ளிகளின் பட்டியலை நான் அச்சிட்டுத் தர வேண்டும். மாலை நான்கு மணிக் கூட்டத்தில் கல்வி அதிகாரி அதில் கையெழுத்திடுவார். ஐந்து மணிக்குள் அது சென்னைக்கு ஃபேக்ஸில் போக வேண்டும்.

ஒன்பதரைக்கு அலுவலகம் போனபோது வாசலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றிருந்தார். முழங்கால் வரை நனைந்திருந்தார்.

"கம்ப்யூட்டர்காரர் நீங்கதானா சார்? எம் பேரு கருப்பையா. சிறுமலையில ஒரு தொடக்கப் பள்ளிக்கூடத்துக்கு ஹெட்மாஸ்டர். எங்கள்ட்ட முப்பத்தொம்பது பிள்ளைக படிக்குது. போன வாரம் வந்த லிஸ்ட்டுல பதினஞ்சுன்னு போட்டிருக்கீங்களே?"

"நீங்க எழுதிக் கொடுத்ததைத்தான் சார் மெஷின் கூட்டும்" என்றேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"இணைச்சுட்டா பிள்ளைக நாலு கிலோமீட்டர் காட்டுக்குள்ள நடக்கணும். காட்டுமாடு திரியுற பாதை. யாரும் அனுப்ப மாட்டாக."

கணினியில் பார்த்தேன். பதினைந்துதான். கையால் எழுதிய மூலப்படிவங்கள் மதுரையில் தட்டச்சு செய்த இடத்தில் மூட்டையாகக் கிடந்தன. அன்றைக்குள் அவை வந்து சேர வழியில்லை.

கல்வி அதிகாரியம்மா கருப்பையா கொண்டுவந்திருந்த சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டிவிட்டு மூடினார். "போஸ்ட்டைக் காப்பாத்திக்க இல்லாத பேரை எழுதுறவங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன். படிவத்தோட நகல் இருக்கா?"

"பள்ளிக்கூடத்து பீரோவுல இருக்கு மேடம்."

அவர் என்னைப் பார்த்தார். "வேணும்னா நீங்களே போய்ப் பாத்துட்டு வாங்க. நாலு மணிக்கு நான் கையெழுத்துப் போட்டுருவேன்."

அடுத்த பேருந்து வர வெகு நேரம் ஆகும். போக வர நானூற்றைம்பது ரூபாய் பேசி ஒரு ஜீப் பிடித்தோம். ஓட்டுநர் பெயர் சவரிமுத்து. பத்தேகாலுக்குக் கிளம்பினோம். சிறுமலை இருபத்தைந்து கிலோமீட்டர்தான். பாதிக்கு மேல் மலைச்சாலை, பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். வெயில் நாளில் அழகாக இருந்திருக்கும். அன்று கண்ணாடிக்கு முன்னால் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. மலை வாழைத்தார் ஏற்றிய வண்டிகள் பனிமூட்டத்திலிருந்து திடீரென்று முளைத்தன. ஒவ்வொரு வளைவிலும் நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

பதினொன்று ஐம்பதுக்கு ஜீப் நின்றது. சாலைக்குக் குறுக்கே மரம் சாய்ந்து கிடந்தது.

"இதை அறுத்து எடுக்க ரெண்டு மணி நேரமாவது ஆகும் தம்பி" என்றார் சவரிமுத்து. "நடந்தீங்கன்னா அரை மணி. ஒன்றரைக்குள்ள வந்துருங்க. மழை வலுத்துச்சுன்னா நான் காத்திருக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

கருப்பையா முன்னால் நடந்தார். காப்பிச் செடிகளுக்கும் மிளகுக் கொடிகளுக்கும் நடுவே ஒற்றையடிப் பாதை. நான் இரண்டு முறை வழுக்கி விழுந்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. என் மேல் அவருக்கு இருந்த கோபம் நியாயமானதா என்று அப்போது எனக்குத் தெரியாது.

பள்ளிக்கூடம் இரண்டு அறை. பாடம் நடத்திக்கொண்டிருந்த இளம் ஆசிரியை எங்களைக் கண்டதும் எழுந்தார். நான் பிள்ளைகளை எண்ணினேன். பதினொன்று. மறுபடி எண்ணினேன். பதினொன்றேதான்.

"மழை சார்" என்றார் கருப்பையா. அவர் குரல் இறங்கிவிட்டது. "மழையன்னைக்கு மேட்டு வீட்டுப் பிள்ளைக வராது. நேத்து வந்திருந்தா..."

என் மென்பொருள் சரி, இந்த மனிதர் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் எனக்கு அப்போது நிம்மதியாகக்கூட இருந்தது.

துருப்பிடித்த பீரோ மூன்றாவது இழுப்பில் திறந்தது. கார்பன் நகலை எடுத்து என் கையில் கொடுத்தார். ஒன்றாம் வகுப்புக்கு எதிரே 9. அதன் கீழே இரண்டாம் வகுப்புக்கும் மூன்றாம் வகுப்புக்கும் எண் இல்லை, இரண்டிரண்டு சின்னக் கோடுகள். நான்காம் வகுப்புக்கு 6. ஐந்தாம் வகுப்புக்கு மறுபடி இரண்டு கோடுகள்.

"இது என்ன சார்?"

"மேற்படின்னு போட்டிருக்கேன். மேல உள்ள அதே எண்ணிக்கைதான், அதான்."

மதுரையில் தட்டச்சு செய்தவர்களுக்கு அந்தக் கோடுகள் எண்ணாகத் தெரியவில்லை. கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டார்கள். வெற்றுக் கட்டத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளச் சொல்லி மென்பொருளில் எழுதியவன் நான். அப்படி எழுதினால் நிரல் எங்கேயும் தடுக்கி நிற்காது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. ஒன்பதும் ஆறும் பதினைந்து.

வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். முந்தின நாள் மழையில்லை. முப்பத்து நான்கு பேர் வந்திருந்தார்கள்.

"என் தப்பு சார்" என்றேன்.

கருப்பையா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "நான் எண்ணாவே எழுதியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

நகலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு இருவரும் இறங்கினோம். ஜீப்பை அடையும்போது ஒன்று ஐம்பது. சவரிமுத்து போகாமல் நின்றிருந்தார், திட்டிக்கொண்டே. கீழே ஒரு வளைவில் மண் சரிந்து ஒருவழியாகத்தான் வண்டிகளை விட்டார்கள். அலுவலகப் படியேறும்போது மணி மூன்று முப்பத்தைந்து.

அதிகாரியம்மா நகலைப் பார்த்தார். "சரி, இந்தப் பள்ளியை எடுத்துருங்க. மத்ததை அச்சடிச்சுக் கொடுங்க."

சரி என்று சொல்ல வாய் வரை வந்தது. என் நிறுவனத்துக்கு இது முதல் மாவட்டம். பிழை வெளியே தெரிந்தால் அடுத்த மாவட்டம் கிடைக்காது.

"மேடம், மத்ததும் இப்படி இருக்கலாம்."

"எத்தனை?"

"தெரியல. தட்டச்சு செஞ்ச கோப்புல தேடினாத் தெரியும். அரை மணி வேணும்."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இதை நாலு மணிக்கு வந்து சொல்றீங்க."

கூட்டத்துக்கு வந்தவர்களைப் பக்கத்து அறையில் காத்திருக்கச் சொன்னார். குறுந்தகட்டிலிருந்து மூலக்கோப்பைத் திறந்து வெற்றுக் கட்டங்களைத் தேடினேன். என் விரல்கள் இரண்டு முறை தப்பான விசையைத் தட்டின. கருப்பையா எனக்குப் பின்னால் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டியலில் பத்தொன்பது பள்ளிகள். அதில் ஏழில் வெற்றுக் கட்டங்கள் இருந்தன.

அதிகாரியம்மா அந்த ஏழையும் சிவப்பு மையால் அடித்தார். நேரில் போய்ப் பார்க்க ஒரு வாரம் வேண்டும் என்று சென்னைக்கு எழுதினார். மீதிப் பன்னிரண்டுக்கும் அங்கேயே கையெழுத்துப் போட்டார். நாலு ஐம்பதுக்கு ஃபேக்ஸ் போனது. கருப்பையா கும்பிட்டுவிட்டு, கடைசிப் பேருந்துக்கு ஓடினார்.

நான் ஒரு வாரம் திண்டுக்கல்லிலேயே தங்கி நிரலைத் திருத்தினேன். இப்போது வெற்றுக் கட்டம் வந்தால் அது மேலே போகாது, நின்று கேட்கும். நேரில் போய்ப் பார்த்ததில் ஏழு பள்ளிகளில் ஆறில் இருபதுக்கு மேல் பிள்ளைகள் இருந்தார்கள்; அந்த ஆறும் பட்டியலிலிருந்து நீங்கின. நிறுவனத்தில் எனக்கு வசவு கிடைத்தது, வேலை போகவில்லை.

எட்டாம் நாள் காலை ரயிலில் கிளம்பினேன். வடமதுரை தாண்டியதும் வயல்களுக்கு நடுவே ஓட்டுக்கூரை போட்ட சின்னக் கட்டடம் ஒன்று தெரிந்தது, முன்னால் கொடிக்கம்பத்தோடு. பெயர்ப்பலகையைப் படிப்பதற்குள் ரயில் கடந்துவிட்டது. சென்னையில் எங்கள் தெருவிலிருந்து நடக்கும் தூரத்தில் மூன்று பள்ளிகள் இருக்கின்றன. ஒன்றை மூடினால் அடுத்ததற்குப் போவார்கள். இந்த வயல்வெளியில் அடுத்த பள்ளி எங்கே இருக்கிறது, இடையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இது அந்தப் பன்னிரண்டில் ஒன்றா என்பதும் தெரியாது. பன்னிரண்டின் எண்களும் சரியாக இருந்தன. அதனால் அங்கெல்லாம் யாரும் போய்ப் பார்க்கவில்லை. நானும் போகவில்லை.