அத்தி காய்த்த பக்கம்

அத்திப்பட்டில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஓர் அத்திமரம் உண்டு. ஊர்ப் பெயரிலேயே அத்தி இருக்கும்போது வீட்டில் ஒன்றாவது வேண்டாமா என்று, கல்யாணமாகி வந்த புதிதில் சித்தி நட்டது. நன்றாகத்தான் வளர்ந்தது, காய்க்கத்தான் இல்லை. சித்திக்கும் பிள்ளை இல்லை. மரத்தைப் பற்றி வீட்டில் சத்தமாகப் பேசுவார்கள். சித்தியைப் பற்றிய பேச்சை என்னைக் கண்டதும் நிறுத்திவிடுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, பொன்னேரியிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அக்கா. அவள் வந்தால் அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டாள். கூடத்து மூலையில் சித்தியின் பெட்டி தயாராக நின்றது. ஆரணியில் அவள் அம்மா வீட்டுக்குப் போகிறாளாம். பள்ளிக்கூட லீவுகூட இல்லையே, எதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.

மீன்குழம்பு ஆறிப்போகும் அளவுக்கு அத்தை நீளமாக ஜெபித்தாள். ஆமென் சொன்ன வாயோடு சித்தப்பாவைப் பார்த்தாள்.

"இன்னிக்கு இன்னா பிரசங்கம் தெரியுமா தம்பி? காய்க்காத அத்திமரம். செல்லுல போட்டுக் காட்டட்டுமா? மூணு வருசமா வந்து வந்து பாக்குறாரு தோட்டத்துக்குச் சொந்தக்காரரு. ஒண்ணுமில்ல. வெட்டிப் போடு, இன்னாத்துக்கு எடத்த அடச்சிக்கினு நிக்குதுன்ட்டாரு. நாம ஆறு வருசமா பாத்துக்கினு கீறோம். சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடு. வேற நல்ல கன்னு ஒண்ணு நான் பாத்து வெச்சிக்கீறேன்."

அப்பா தலை நிமிரவில்லை. சித்தப்பா பிசைந்த சோற்றையே பிசைந்துகொண்டிருந்தார். பரிமாறிக்கொண்டிருந்த சித்தி கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"கதைய பாதியில நிறுத்திட்டீங்க அண்ணி. தோட்டக்காரன் கெஞ்சுறானே, இந்த ஒரு வருசம் உடுங்க, சுத்திக் கொத்தி எரு போட்டுப் பாக்குறேன்னு."

"கேக்குறதுக்கு ஒரு ஆளு வேணுமில்ல?" என்றாள் அத்தை.

சித்தி சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக் குடித்தார்.

மரத்தை வெட்டப் போகிறார்கள்! யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அத்தி அடிமரத்தில் ஒட்டிக்கொண்டு காய்க்கும். மதில் பக்கம், என் இடுப்பு உயரத்தில், பச்சைப் பச்சையாக ஒரு கொத்து வந்திருந்தது. சொப்புச் சமையலுக்கு வேண்டுமே என்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். எச்சில் கையோடு ஓடி, பாவாடை மடியில் பறித்துக்கொண்டு வந்து அத்தையின் தட்டுக்கு முன்னால் கொட்டினேன்.

"காய்ச்சிக்கீது அத்தை! வெட்டாதீங்க! நீங்க யாருமே அந்தப் பக்கம் போய்ப் பாக்கல!"

ஒரு காய் உருண்டு குழம்புச் சட்டியில் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அடிதான் விழப்போகிறது என்று நின்றேன்.

சித்தப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். கையைக் கழுவினார். மூலையிலிருந்த பெட்டியைத் தூக்கி அறைக்குள் வைத்துவிட்டு வந்தார்.

"கேக்குறதுக்கு நான் கீறேன்க்கா" என்றார்.

அத்தை சாப்பிடாமலே கிளம்பிப் போனாள். சித்தி என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு அழுதாள். ஒரு மரத்துக்குப் போய் இத்தனை அழுகையா என்றிருந்தது எனக்கு.

அந்த அத்தி இன்றும் காய்க்கிறது. சித்திக்குக் கடைசிவரை பிள்ளை பிறக்கவில்லை. அந்தப் பெட்டியும் மறுபடி கூடத்துக்கு வரவில்லை.

அன்று சாயங்காலம் சித்தப்பா மண்வெட்டியோடு கொல்லைக்குப் போனார். மரத்தைச் சுற்றிக் கொத்தி, கூடை கூடையாக எரு போட்டார். நான் பக்கத்தில் நின்று, "அதான் காய்ச்சிடுச்சே சித்தப்பா, இன்னும் இன்னாத்துக்கு எரு?" என்று கேட்டேன். அவர் இன்னொரு கூடை எருவைக் கொட்டிக் கொத்திக்கொண்டே இருந்தார்.