ஆட்சேபம் இல்லை

கந்தப்பன் வாத்தியார் எழுதாமல் விட்டது ஒரே ஒரு வரிதான்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில், கூலி ஆட்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, கண்டியில் இங்கிலீஷ் படித்து, அட்டனுக்கு மேலே ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருஷம் பாடம் சொன்னவர். கண்டியில் டாக்டர் துரைராசா ஓர் ஆய்விதழ் நடத்தினார். நோயாளியைப் பேசவைத்தே மனநோயைத் தீர்ப்பது பற்றிய இதழ். வரும் கட்டுரைகளில் எழுதியவர் பெயரைக் கத்தரித்துவிட்டு, விஷயம் தெரிந்த இருவருக்கு அனுப்புவார். அவர்கள் சரியென்றால்தான் அச்சு. நோயாளி தோட்டத்து ஆள் என்றால் ஒரு பிரதி கந்தப்பனுக்கு, ஒரு குறிப்போடு வரும். 'நோயாளியின் பேச்சை எழுதியவர் சரியாக விளங்கிக்கொண்டாரா? அதை மட்டும் பாருங்கள்.'

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஒரு கட்டுரை வந்தது. கொத்மலைப் பக்கம் கொழுந்தெடுக்கும் ஒரு பெண். பிறந்த ஏழாம் நாள் அவள் பிள்ளை தோட்டத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் செத்துப்போனது. அதிலிருந்து அவள் வேலைக்குப் போகவில்லை. என்ன கேட்டாலும் ஒரே பதில்: "வெடியக்காலையில தப்பு கேக்குது. கேட்டா ஒடம்பு நடுங்குது." தான் செய்த குற்றமே காதில் ஒலிப்பதாக அவள் நம்புகிறாள் என்று அவளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் எட்டுப் பக்கம் எழுதியிருந்தார்.

கந்தப்பன் சிரித்துவிட்டார்.

"என்னங்க, தனியா சிரிக்கிறீங்க?" என்றாள் மனைவி பூரணி.

"பெரட்டுக்கு ஆள் எழுப்ப அடிக்கிற தப்ப, செஞ்ச தப்புன்னு எழுதியிருக்காரு டாக்டரு."

"மாமா இருந்திருந்தா ரெண்டு தட்டு தட்டிக் காட்டியிருப்பாரு."

சிரிப்பு நின்றது. "மெதுவாப் பேசு" என்றார்.

அவருடைய அப்பா மாயாண்டி, காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் பதியும் பெரட்டுக்கு முப்பது வருஷம் தப்பு அடித்தவர். பிறந்த தோட்டத்தை விட்டு வந்தபின் கந்தப்பன் அதை யாரிடமும் சொன்னதில்லை. தப்பு ஒரு பறை, விடியலில் ஆட்களை வேலைக்கு எழுப்ப அடிப்பது என்று ஒரு வரி போதும். லயத்தில் பிறந்த எவருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் பறை என்று எழுதப் போனபோது கை கூசியது. மாஸ்டர் யார் வீட்டுப் பிள்ளை என்று துரைராசா யோசிப்பார் என்று தோன்றியது.

'ஆட்சேபம் இல்லை' என்று எழுதி அனுப்பினார்.

ஒன்றரை வருஷம் கழித்து இரண்டாவது கட்டுரை வந்தது. அதே பெண். அச்சில் வந்ததை நம்பி, வாராவாரம் அவளை உட்காரவைத்து, என்ன தப்பு செய்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். பதினோராம் மாதம் அவள் சொல்லிவிட்டாள். தூக்கத்தில் பிள்ளைமேல் புரண்டு படுத்துக் கொன்றது தான்தானாம். அதோடு நடுக்கம் நின்றது. குணமாகிவிட்டாள் என்று கட்டுரை முடிந்தது.

கந்தப்பன் அன்றே கண்டிக்குப் பஸ் ஏறினார். தப்பைப் பற்றியும் அப்பாவைப் பற்றியும் சொன்னார்.

துரைராசா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இதை அப்பவே சொல்லியிருக்கலாமெல்லே, மாஸ்டர்?" பிறகு, "நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆட்சேபம் இல்லையெண்டு கண்ட உடனை அச்சுக்குக் குடுத்திட்டன்" என்றார். அரைப் பக்கத்தில் திருத்தம் போடலாம். "ஆர் பேரிலை போடுறது?" என்று கேட்டார்.

"என் பேருலயே போடுங்க."

போட்டார்கள்.

பெண்ணின் பெயர் ராக்காயி என்று துரைராசா கேட்டுச் சொன்னார். கந்தப்பன் இதழை எடுத்துக்கொண்டு கொத்மலைக்குப் போனார். அவள் லயத்து வாசலில் கொழுந்துக் கூடைக்குக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தாள்.

"நீங்க அன்னைக்குச் சொன்னது பெரட்டுத் தப்புதானேம்மா? டாக்டரு வேற மாதிரி வெளங்கிக்கிட்டாரு. நீங்க ஒண்ணும் செய்யல. புள்ள காய்ச்சல்லதான் போச்சு."

அவள் முழுவதையும் கேட்டாள்.

"பெரட்டுத் தப்ப நிறுத்திட்டாங்க வாத்தியாரய்யா. இப்ப சங்குதான் ஊதுறாங்க" என்றாள். "ஆறுதலுக்குச் சொல்றீங்க. இது நான் செஞ்ச தப்பு."

கயிற்றைப் பல்லால் கடித்து இறுக்கி முடிச்சுப் போட்டாள்.