மூட்டையில் ஏறிய வாடை

தட்டாஞ்சாவடியில் மக்கானா பாக்கெட் போடும் கம்பெனியில் வேலை பார்த்தேன். வடக்கே குளங்களில் விளையும் விதையைப் பொரித்து, வெள்ளை உருண்டைகளாக மூட்டையில் அனுப்புவார்கள். நாங்கள் வறுத்து மசாலா தடவுவோம். இப்போது சுகர்காரர்களும் விரதம் இருப்பவர்களும் இதைத்தான் தேடி வாங்குகிறார்கள்.

புரட்டாசி பிறந்ததும் முதலாளி, "யாரும் உள்ள கவிச்சி எடுத்தாரக் கூடாது" என்றார். நான் மறந்துபோய் முட்டைச் சோறு கொண்டுபோன அன்று, டப்பாவை வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார்.

மதியம் லோடு வந்தது. வழக்கமான வண்டி ரிப்பேராம். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் கருவாடு ஏற்றும் வேனைப் பிடித்திருந்தார்கள். மழை வேறு. மக்கானா பஞ்சு மாதிரி, எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். கருவாடு என்றால் எனக்கு உயிர்தான். ஆனால் அந்த மூட்டையைப் பிரித்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"சார், இத திருப்பி அனுப்பிடலாம்."

நெற்றி நிறைய நாமத்தோடு முதலாளி ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். "மிளகு மசாலாவ தூக்கலா போடு. எவனுக்குத் தெரியப் போவுது?"

வாசலுக்குப் போய் டப்பாவை எடுத்துவந்து, மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன்.

"உனக்கு எத்தன வாட்டி சொல்றது?"

"இந்த நாத்தத்துல முட்டை வாசம் எவனுக்கு சார் தெரியப் போவுது?"

அன்றோடு வேலை போனது. மூட்டைகள் திரும்பிப் போகவில்லை. இன்றைக்கும் கடையில் அந்தப் பாக்கெட்டில் சைவத்துக்கான பச்சைப் புள்ளியைப் பார்த்தால், எனக்குக் குமட்டுகிறது.