புதுவாயலுக்கு மாம்பழம் சுமந்த கதை

சனிக்கிழமை காலை கோவை ரயிலிலிருந்து சென்னை சென்ட்ரலில் இறங்கி, பத்து ரூபாய்க்குச் சீட்டு வாங்கித் திருவள்ளூர் மின்ரயிலில் ஏறினேன். தோழி ஸ்டெல்லாவின் வீடு இருப்பது கும்மிடிப்பூண்டிக்கு முன்னால், புதுவாயலில். நேராகப் போயிருக்கலாம். திருவள்ளூர், ஊத்துக்கோட்டை என்று ஊரைச் சுற்றியதற்குக் காரணம் மாம்பழம்.

ஸ்டெல்லாவும் நானும் ஒரு காலத்தில் சென்னையில் ஒரே விடுதி அறையில் இருந்தோம். நான் இப்போது வீட்டிலேயே கேக் செய்து விற்கிறேன். அவள் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அவள் தங்கை மெர்சியும் அதே தொழிற்சாலையில் வேலை செய்யும் வினோத்தும் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறார்கள். வினோத் திருப்பாச்சூர்க்காரன், சொந்த வயல் உள்ள குடும்பம். ஸ்டெல்லாவின் வீட்டாரோ தாத்தா காலம் வரை பிறர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். மதமும் வேறு. வினோத்தின் அப்பா சம்மதித்துவிட்டார். அம்மா தனலட்சுமி மட்டும், "ஞாயித்துக்கெழம வந்து பாக்குறேன். ஆனா கை நனைக்க மாட்டேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"அந்தம்மாவுக்கு மாம்பழம்னா உசுராம். முட்டை ஆவாது. நீ வந்து ஒரு கேக்கு போட்டுக் குடு" என்றாள் ஸ்டெல்லா போனில்.

திருவள்ளூரிலிருந்து ஊத்துக்கோட்டை முப்பது கிலோமீட்டர் இருக்கும். வழியெல்லாம் அறுவடை முடிந்த வயல்கள், இடையிடையே மாந்தோப்புகள். ஊத்துக்கோட்டையில் இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. பங்குனி கடைசி. சாலையோரம் கூடை வைத்திருந்த அம்மாளிடம் பங்கனப்பள்ளி கிலோ எண்பது ரூபாய். நான் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன்.

"இன்னாத்துக்குமா அமுக்கிக்கினே கீற? முத்துன காயி. ரெண்டு நாள் வைக்கோல்ல வெச்சா பழுத்துரும்."

"எனக்கு நாளைக்கே வேணுமே."

அவர் பின்னால் திரும்பி, "நைனா, அந்தக் கூடைய இப்டித் தள்ளு" என்றார். மர நிழலில் படுத்திருந்த அவருடைய அப்பா காலாலேயே ஒரு கூடையை நகர்த்தினார். அதிலிருந்தவை பாதிப் பழம், பாதிக் காய். வேறு வழியில்லை. ஐந்து கிலோ வாங்கிக்கொண்டு, பெரியபாளையத்தில் பேருந்து மாறி, மடியில் பையும் மூக்கில் மாம்பழ வாசமுமாகப் புதுவாயல் போய்ச் சேர்ந்தேன்.

அன்று மாலை ஒரு கேக் செய்து பார்த்தோம். பழக்கூழை அப்படியே மாவில் கலந்ததில் கேக் நடுவில் குழிந்து, களி போல ஆகிவிட்டது. ஸ்டெல்லா விரலால் எடுத்து நக்கினாள்.

"இன்னாடி இது, இப்டிப் புளிக்குது."

மெர்சி எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். எனக்கு அவளைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. கோவையில் டின்னில் அடைத்த கூழை ஊற்றியே எனக்குப் பழக்கம். அது எப்போதும் ஒரே இனிப்பு.

ஞாயிறு காலை மறுபடி தொடங்கினோம். இம்முறை கூழை அடிகனமான சட்டியில் ஊற்றி, கரண்டியிலிருந்து பொத்தென்று விழும் பதம் வரை சுண்டவைத்தேன். முட்டைக்குப் பதில் தயிர். சோடா உப்பு பட்டதும் அந்தப் புளிப்பே மாவை நுரைத்து எழுப்பியது. காயாகவே இருந்தவற்றை மெர்சி மெல்லிய துண்டுகளாக அரிந்தாள். வெல்லப்பாகில் ஏலக்காய் தட்டிப் போட்டு, துண்டுகளை அதில் புரட்டித் தட்டின் அடியில் அடுக்கி, மேலே மாவை ஊற்றினோம்.

வினோத் வீட்டார் வந்தபோது கேக் இன்னும் அடுப்பில் இருந்தது. தனலட்சுமி நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக்கூடத் தொடவில்லை. பேச்சு மழை, பஸ், வெயில் என்று நொண்டியது. அதற்குள் வெல்லமும் மாம்பழமும் சேர்ந்து வேகும் வாசனை கூடத்துக்கு வந்துவிட்டது.

கேக்கைக் கவிழ்த்து எடுத்து வந்தோம். வினோத்தின் அப்பா ஒரு துண்டு வாங்கிக்கொண்டார்.

"முட்டை போட்டதா?" என்று கேட்டார் தனலட்சுமி.

"இல்லம்மா, தயிரு" என்றாள் ஸ்டெல்லா.

"யாரு செஞ்சது? நீயா?" கேள்வி மெர்சிக்கு. ஆமாம் என்று சொல்லச் சொல்லி ஸ்டெல்லா கண்ணைக் காட்டினாள்.

"நான் மாங்கா மட்டுந்தான் அரிஞ்சேம்மா. அக்காவும் கோயமுத்தூர் அக்காவும் செஞ்சாங்க."

தனலட்சுமி அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கணவரின் தட்டிலிருந்து ஒரு ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். மெதுவாக மென்றார். இன்னொரு ஓரத்தையும் பிய்த்தார்.

"இன்னா, என் தட்டையே காலி பண்ற?" என்றார் கணவர்.

"அப்பிடின்னா எனக்குத் தனியா ஒண்ணு வெச்சுக் குடும்மா" என்று மெர்சியிடம் கை நீட்டினார் தனலட்சுமி. மெர்சி பெரிய துண்டாக வெட்டித் தட்டில் வைத்தாள். ஸ்டெல்லா அடுக்களைக்குள் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கிளம்பும்போது தனலட்சுமி வாசலில் செருப்பு மாட்டியபடி, "நிச்சயதார்த்தத்துக்குப் பெருசா செய்யணும். எங்க ஜனம் நெறைய வரும்" என்றார்.

மாலையில் புதுவாயல் கூட்டுரோட்டில் சென்னைப் பேருந்துக்கு நின்றேன். ஷிப்டு முடிந்து வந்தவர்கள் டீக்கடையை மொய்த்துக்கொண்டிருந்தார்கள். கோவையில், தேதி குறித்த கல்யாணங்களுக்கு எத்தனையோ கேக் செய்து கொடுத்திருக்கிறேன். தேதி குறிக்க வைத்த கேக் இது ஒன்றுதான்.