பெட்டி பிரிக்காத நாச்சியம்மை

கூரியர்காரர் கொடுத்த பொட்டலத்தை நாச்சியம்மை முதலில் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கிறார். சத்தமே வராவிட்டால் போன். லேசாகக் கடகடத்தால் காதில் மாட்டுகிற சமாச்சாரம். இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தால், "லாப்டாப்பு மாத்திட்டா போல" என்று சமையல்கட்டைப் பார்த்துச் சொல்வார். அங்கே காப்பி குடித்துக்கொண்டிருக்கும் கணவர் அழகுசுந்தரம் டம்ளரிலிருந்து வாயை எடுக்க மாட்டார். மகள் விசாலிக்குப் பெங்களூரில் வேலை. மாதத்தில் பத்து நாள் காரைக்குடி வீட்டில் இருந்தபடியே வேலை பார்க்கிறாள். அதனால் அவள் வாங்குவதெல்லாம் இந்த வாசலுக்குத்தான் வந்து சேருகிறது.

"ஏத்தா, போன வருசம்தான வாங்குன? அதுக்கு என்ன வந்துச்சு?"

"கேமரா சரியில்லம்மா."

"உன் மூஞ்சி நல்லாத்தான இருக்கு. எதுல எடுத்தா என்ன?"

விசாலி சிரித்துவிடுவாள். சிரித்துக்கொண்டே பெட்டியைப் பிரிப்பாள். ஒட்டுத்தாளை அவள் சர்ரென்று கிழிக்கும்போது நாச்சியம்மை கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார்.

ஐம்பத்து மூன்று வயதாகிறது நாச்சியம்மைக்கு. ஒல்லி, வேகமான நடை, மூக்கில் எட்டுக்கல் மூக்குத்தி. அவர் வீட்டு ஃபிரிட்ஜ் வாங்கி ஒன்பது வருடமாகிறது. கதவில் வந்த கண்ணாடித்தாள் இன்னும் இருக்கிறது, ஓரம் சுருண்ட இடத்தில் செல்லோடேப் போட்டிருக்கிறார். டிவி ரிமோட் பாலிதீன் உறைக்குள் இருந்துகொண்டே வேலை செய்கிறது. சோபா வந்த பிளாஸ்டிக் உறை வெயில் காலத்தில் தொடையில் ஒட்டிக்கொள்ளும், ஒட்டிக்கொள்ளட்டும் என்பார். சமையலுக்கு அவர் வைத்திருக்கும் மிக்ஸி, மோட்டார் கருகி மூன்று முறை காயில் கட்டியது. மூடியைக் கையால் அமுக்கிப் பிடித்தால்தான் ஓடும்.

கஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வீட்டு இரண்டாம் கட்டில் ஓர் அறை இருக்கிறது. விசாலிக்கு எட்டு வயதானதிலிருந்து அவள் கல்யாணத்துக்காக வாங்கிச் சேர்த்த சாமான்கள் அதில் உத்தரம் வரைக்கும் அடுக்கியிருக்கின்றன. மிக்ஸி மட்டும் மூன்று. குக்கர் எல்லா அளவிலும். எவர்சில்வர் அடுக்கு, ஹாட்பேக், இஸ்திரிப்பெட்டி. ஒரு டிவிடி பிளேயர்கூட இருக்கிறது. டிஜிட்டல் கேமரா ஒன்று. ஒவ்வொரு அட்டைப்பெட்டி மேலும் கறுப்பு மையில் 'விசாலிக்கு' என்று எழுதி, கீழே தேதி. வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்த ஈரத் துண்டோடு உள்ளே போய்ப் பெட்டிகளைத் துடைப்பார். ஒன்றைக்கூட இதுவரை பிரித்ததில்லை. பெண்ணுக்குக் கொடுக்கிற சாமான்களைக் கல்யாணத்துக்கு முன் வளவில், முற்றத்தைச் சுற்றி முழுக்கப் பரப்பி வைத்து, ஊர் உறவெல்லாம் வந்து பார்ப்பது அவர்கள் வழக்கம். அன்றைக்குத்தான் பெட்டி பிரிய வேண்டும்.

"பிரிக்காத சாமான் கெடாது" என்பது நாச்சியம்மை அடிக்கடி சொல்கிற வார்த்தை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் சம்பளம் வாங்குவது இதற்கு நேர் எதிரான வேலைக்கு. கண்டனூரில் ஒரு பழைய பெரிய வீட்டை வெளியூர்க்காரர்கள் வந்து தங்குகிற விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். அதன் சமையல் ஸ்டோர் சாவி நாச்சியம்மையிடம். அங்கே முந்தி வந்த மூட்டை முந்திக் காலியாக வேண்டும். புது உளுந்தில் கைவைத்த சமையல்காரரிடம், "அண்ணே, பழச முடிச்சுட்டு இங்குட்டு வாங்க" என்று அவர் போடுகிற சத்தத்தில் விருந்தாளிகள் எட்டிப் பார்ப்பார்கள். ஐந்தே காலுக்கு ஸ்டோரைப் பூட்டிவிட்டு பஸ் ஏறுவார். வீட்டுக்கு வந்ததும் வேறு ஆள்.

அம்மாவும் மகளும் சண்டை போட்டால் பார்க்க நன்றாயிருக்கும். இரண்டு பேரும் உட்கார மாட்டார்கள்.

"வருசத்துக்கு ஒண்ணு மாத்துறியே, கொஞ்சமாச்சும் மனசு உறுத்துதா? உன் மேசை டிராயரத் தொறந்தா வயரா கொட்டுது!"

"நான் வாங்குறதையாவது யூஸ் பண்றேன். நீங்க வாங்கி வாங்கிப் பூட்டி வைக்கிறீக. யாருமா வேஸ்ட் பண்றது, நீங்களா நானா?"

"பூட்டி வச்சது எங்கயும் போயிராது. நீ தூக்கிப் போட்டது வருமா?"

"தூக்கியா போடுறேன்? அப்பச்சிகிட்டத்தான குடுக்குறேன்!"

அதுதான் அவள் அப்பச்சி என்று கூப்பிடுகிற அப்பா அழகுசுந்தரத்தின் இக்கட்டு. கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் கழித்த போன்கள் அத்தனையும் அவருக்குத்தான். ஒன்றில் பாட்டு, ஒன்றில் அலாரம், ஒன்று பேச. "நான் யாரு பக்கமும் இல்ல" என்று கையை விரிப்பார். "ஒங்களுக்கென்ன, உக்காந்த எடத்துல வருசா வருசம் வருது" என்பார் நாச்சியம்மை. மனிதர் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார்.

ஆனால் நாச்சியம்மைக்குள் ஒரு ரகசியம் இருந்தது. அதைக் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அவர் மகளிடம் உளறிவிடுவார்.

விசாலி எஞ்சினீயரிங் முதல் வருடம் சேர்ந்த சமயம். கையில் இருந்தது திரை உடைந்த ஒரு பழைய போன். புதுப் போன் வேண்டும் என்று கேட்டாள். எந்தப் போன் என்று ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதி, 'நீல கலர்' என்று அடிக்கோடு போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினாள். "படிக்கப் போறியா, படம் எடுக்கப் போறியா?" என்று நாச்சியம்மை ஒரே பிடியாக மறுத்துவிட்டார். எட்டு நாள் அந்தப் பெண் பேசவில்லை. தட்டை மாடிக்கு எடுத்துப்போய்ச் சாப்பிட்டாள். ஒன்பதாம் நாள் தாளை அவளே கிழித்துப் போட்டாள்.

கிழித்த துண்டுகளை நாச்சியம்மை பொறுக்கி எடுத்து வைத்தார். அடுத்த மாதம் ஆடித் தள்ளுபடியில் செக்காலை ரோட்டுக் கடைக்குப் போய், துண்டுகளைக் கண்ணாடி மேசை மேல் சேர்த்து வைத்துக் காட்டி, அதே போனை, அதே நீலத்தில் வாங்கிவிட்டார். வாங்கியவர் அன்றைக்கே கொடுத்திருக்கலாம். யாராக இருந்தாலும் கொடுத்திருப்பார்கள். நாச்சியம்மை பெட்டி மேல் 'விசாலிக்கு' என்று எழுதி, தேதி போட்டு, அறையில் குக்கருக்குப் பின்னால் வைத்துவிட்டார். சாமான் பரப்புகிற அன்று, அத்தனை பேர் நடுவில், பிள்ளை இதைப் பார்க்க வேண்டும். அம்மா என்று கத்த வேண்டும். ஓடி வந்து கட்டிக்கொள்ள வேண்டும். இந்தக் காட்சியை எட்டு வருடமாக, கண்டனூர் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும், தனக்குத்தானே ஓட்டிப் பார்த்திருக்கிறார். விசாலி ஒரு தடவை காய்ச்சலில் கிடந்தபோது மனசு கேட்காமல் பெட்டியோடு அவள் கதவு வரை போனார். அங்கிருந்து திரும்பி வந்துவிட்டார்.

இப்போது கல்யாணம் தையில் என்று முடிவாகிவிட்டது. மாப்பிள்ளைக்கும் பெங்களூர்தான். போன வாரம் விசாலி லாப்டாப்பை மூடி வைத்துவிட்டு அம்மாவை எதிரே உட்காரச் சொன்னாள்.

"சாமான் பரப்ப வேணாம்மா. எனக்கு ஒண்ணுமே வேணாம்."

"என்னத்தா சொல்ற?"

"அங்க வீடு ரெண்டே ரூமு. டிவிடி பிளேயர வச்சு நான் என்ன பண்ண? அதுக்கு சிடி விக்கிற கடையே இல்லம்மா இப்ப."

"மாப்ள வீட்டுல என்ன நெனைப்பாக?"

"அவுகளுமே வேணாம்னுதான் சொல்றாக."

நாச்சியம்மை எழுந்து போய்விட்டார். மறுநாள் விடுதியில் பழைய அரிசி மூட்டை இருக்கப் புது மூட்டையைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். சமையல்காரர் சும்மா இருப்பாரா? "ஆச்சிக்கு உடம்பு சரியில்லையாக்கும்" என்றார். உடம்புக்கு ஒன்றுமில்லை. பிள்ளை வெறுங்கையோடு போய்விடுவாளே என்பதுதான். அறை நிறைய இருக்கும் பெட்டிகளை விடுங்கள், அந்த ஒரு பெட்டியையும் பார்க்காமலே போய்விடுவாளே!

வெள்ளிக்கிழமை காலை துடைக்கப் போனவர் பாதியில் நிறுத்திவிட்டு வெளியே வந்தார்.

"விசா, இங்குட்டு வா. ஒரே ஒரு சாமானப் பாத்துட்டு அப்பறம் வேணாம்னு சொல்லு."

விசாலி காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிக்கொண்டே வந்தாள். நாச்சியம்மை குக்கருக்குப் பின்னால் கையை விட்டு, அந்தச் சின்னப் பெட்டியை எடுத்து, முந்தானையால் ஒரு தடவை துடைத்து மகள் கையில் வைத்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. முகம் முழுக்கச் சிரிப்பு.

விசாலி பெட்டியைப் பார்த்தாள். பெயரைப் படித்தாள். தேதியைப் படித்தாள். மறுபடியும் தேதியைப் படித்தாள்.

"அம்மா… இது நான் அப்பக் கேட்டது."

"ம். நீலம்தான். பிரிச்சுப் பாரு."

"அப்பவே வாங்கிட்டீகளா?"

"அடுத்த மாசமே!" என்றார் நாச்சியம்மை, பெருமை தாங்காமல்.

விசாலி கத்தவில்லை. வழக்கம்போல் சர்ரென்று கிழிக்கவும் இல்லை. நகத்தால் ஒட்டுத்தாளை மெல்ல நெம்பினாள். மூடியை எடுத்தாள். போனின் முதுகு வயிறு ஊதின மாதிரி உப்பி, ஓரம் விட்டுப்போய், உள்ளே இருக்கிற பச்சைத் தகடு தெரிந்தது. பொத்தானை அமுக்கினாள். ஒன்றுமில்லை.

"சார்ஜ் போடு, வந்துரும்" என்றார் நாச்சியம்மை.

சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த அழகுசுந்தரம் பாய்ந்து வந்தார். "ஏய், அதத் தொடாதீக! பேட்டரி ஊதிக் கெடக்கு, வெடிச்சிரும்!" என்று ஒரு துண்டைப் போட்டு, பல்லியைப் பிடிக்கிற மாதிரி பிடித்து, கொல்லையில் மணல் குவித்த பக்கம் கையை நீட்டிக்கொண்டே ஓடினார். வேறு நாளாயிருந்தால் அம்மாவும் மகளும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

நாச்சியம்மை காலிப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிரிக்கவே இல்லையேத்தா. கைகூடப் படல. எப்படித்தா கெடும்?"

மகள் இப்போது ஏதாவது குத்திச் சொல்லுவாள் என்று காத்திருந்தார். சொல்லியிருந்தால் திருப்பிச் சண்டையாவது போட்டிருக்கலாம். விசாலி தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர்.

"நாலு வருசம்மா. அந்த ஓட்டப் போன வச்சுக்கிட்டு கிளாஸ்ல கையக் கீழ மறைச்சு மறைச்சு உக்காந்திருந்தேன். மொதச் சம்பளம் வந்த அன்னைக்கு வேற எதுவும் தோணல, போன் கடைக்குத்தான் ஓடுனேன். இது பத்தடி தள்ளி இங்கனயே இருந்திருக்கு. குடுத்திருக்கலாம்லம்மா?"

"கல்யாணத்துல குடுத்தா சந்தோசப்படுவன்னு நெனச்சேன்."

"அன்னைக்குக் குடுத்திருந்தா செத்தே போயிருப்பேன் சந்தோசத்துல."

எட்டு வருடம் பஸ்ஸில் ஓட்டிப் பார்த்த காட்சி அன்றைக்கே, அந்த ஆடியிலேயே, இந்த வீட்டுக் கூடத்திலேயே கிடைத்திருக்கும். அது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. உத்தரம் வரைக்கும் இருந்த பெட்டிகளை ஒரு சுற்றுப் பார்த்தார். பதினெட்டு வருடத்தில் ஒரு தடவையாவது, இது வேண்டுமா என்று கேட்டு வாங்கியிருக்கிறோமா என்று யோசித்தாரோ என்னவோ. மகள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தலையைத் தடவினார்.

"சரித்தா. பரப்ப வேணாம். இப்ப உனக்கு என்ன வேணும்? அதச் சொல்லு."

விசாலி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அறையைப் பார்த்தாள். மிக்ஸிகளைத் தாண்டி, குக்கர்களைத் தாண்டி, அடியில் இருந்த ஒரு பெட்டிக்கு விரலை நீட்டினாள்.

"அந்தச் சின்ன கிரைண்டர். அங்க கடையில விக்கிற மாவு புளிச்சுப்போயிக் கெடக்கும்மா."

"தோசைக்கா?"

"ம்."

கொல்லையிலிருந்து கையைக் கழுவிக்கொண்டு வந்த அழகுசுந்தரம் நிலைப்படியில் நின்றார். "ஏம்மா, அதத் தையில பிரிச்சுக்கலாமே, கத்திரி எடுத்தாரவா?" என்று என்னென்னவோ சொன்னார். நாச்சியம்மை அதற்குள் மேலே இருந்த நாலு பெட்டிகளைத் தரையில் சரித்துத் தள்ளிவிட்டு, கிரைண்டர் பெட்டியை மடிக்கு இழுத்து, குனிந்து ஒட்டுத்தாளைப் பல்லால் கடித்து இழுத்தார்.