மூன்று இடத்தில் தப்பிய இழை

மூளையில் நீர் கோத்து நடை தடுமாறிய எனக்கு, ஏழு வருடம் முன் அந்த நீரை வடிக்கத் தலையிலிருந்து வயிற்றுக்குக் குழாய் வைத்தார்கள். நடை சரியாகி, காஞ்சிபுரத்தில் என் பட்டுத்தறியில் மறுபடி உட்கார்ந்தேன். போன ஆடியில் கால் மிதிப்பலகையைத் தவறவிட, புடவையில் மூன்று இடத்தில் இழை தப்பியது.

“வயசாயிடுச்சிபா, தறிய விட்டு எறங்கு” என்றான் மகன்.

“என்னவிட மூத்தவன் பக்கத்துத் தறியில நெய்துக்கினுதானே இருக்கான்? குழாய்லதான்டா ஏதோ கோளாறு” என்றேன்.

அந்தப் புடவையையே எடுத்துப்போய் டாக்டர் மேசையில் விரித்தேன். ஸ்கேனில் குழாய் அடைத்திருந்தது தெரிந்தது, மாற்றினார்கள்.

இப்போது தினமும் நெய்து முடித்ததும் துணியைத் தடவிப் பார்க்கிறேன். இழை தப்பினால் நேரே ஆஸ்பத்திரிதான், யாரையும் கேட்கமாட்டேன்.

வயதைப் பேசுகிறவர்களுக்கு ஒரு சேதி: அடுத்த புடவைக்குத் தறியில் பாவு நூல் ஏற்றிவிட்டேன்.